நான்கெல்லை

உத்திரமேரூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதில் ஏகாம்பரம் உட்கார்ந்திருப்பார். நாற்காலி கிடையாது. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாதான். சட்டைப் பட்டன்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருக்கும். கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி போய் அந்த இடத்தில் ரப்பர் பேண்டு. பேனா எடுத்தால் கை நடுங்கும். டீ கிளாஸ் எடுத்தாலும் நடுங்கும். யார் என்ன கேட்டாலும் "ஆங்?" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் பதில் வரும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் கறுப்புக் கோட்டோடு நடந்தவர் என்பதால் ஊர் அவருக்குக் கோட்டு என்று பெயர் வைத்திருந்தது. "கோட்டு, ஒரு மனு எழுது" என்பார்கள். எழுதுவார். கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார்.

சேட்டு தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போனான்.

அக்கா உண்ணாமலைக்கு நாற்பத்தெட்டு வயது. புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்ட பிறகு பிறந்த ஊரான காவாந்தண்டலத்துக்கே திரும்பி வந்து, ரோட்டோரத்து நிலத்தில் அப்பா கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். இரண்டு மாடு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். அவ்வளவுதான் அவள் வாழ்க்கை. அதில் குறை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சந்துக்குள் நுழைந்து பெயின்ட் டப்பாமேல் இருந்த ஆளைப் பார்த்ததும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அப்பா செத்த அன்று பெண்கள் நாலு பேர் சேர்ந்து உடம்பைக் குளிப்பாட்டினார்கள். இடது கட்டைவிரலில் ஊதா மை இருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். போகவில்லை. அப்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. காரியம் முடிந்து பத்து நாளில் சேட்டு ஒரு உயிலை நீட்டினான். எல்லாமே மகனுக்கு. அதில் இருந்த தேதி சாவுக்குப் பதினைந்து நாள் முந்தியது. எழுதியவர் வக்கீல் ஏகாம்பரம். பதினைந்து நாள் மை கையில் அப்படிப் பச்சையாக நிற்குமா என்று அவள் கோர்ட்டில் கேட்டாள். குளிப்பாட்டின மற்ற மூன்று பேரும் வந்து சொன்னார்கள். உயில் செல்லாது என்று ஆனது. சேட்டு கூண்டில் ஏறி, எனக்கு ஒன்றுமே தெரியாது, வக்கீல்தான் கொண்டுவந்து கொடுத்தார் என்று அழுதான். நன்றாக அழுதான். ஏகாம்பரத்தின் பெயரை வக்கீல் பட்டியலிலிருந்து அடித்தார்கள். ஜெயிலுக்குப் போகாமல் தப்பியதற்கே வீட்டை விற்க வேண்டியிருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு வேலூர்ப் பக்கம் போய்விட்டாள்.

அதன்பின் பதினாலு வருஷம் நிலம் பிரிக்கப்படாமலே கிடந்தது. இப்போது மனைப்பிரிவுக்காரர் ஒருவர் ரோட்டோரத்து அறுபத்திரண்டு சென்ட்டைக் கேட்கிறார். சேட்டு முன்பணம் வாங்கி, அதை வைத்து மகள் திவ்யாவுக்கு மாப்பிள்ளையும் பேசிவிட்டான். ஆவணியில் கல்யாணம். நிலம் அவன் ஒருவன் பேரில் வர வேண்டும். அதற்கு அக்கா பாகப்பிரிவினைக்குச் சம்மதிக்க வேண்டும்.

முதலில் பேசிப் பார்த்தான். நஞ்சையும் ரோட்டோரமும் எனக்கு, பாறையடி மேட்டு நிலம் உனக்கு, சாகிற வரைக்கும் அந்த வீட்டிலேயே இருந்துக்கோ என்றான். அதை எழுதிக் கொடு என்றாள். தம்பி வார்த்தைக்கு மேலேயா எழுத்து என்று கோபித்துக்கொண்டான். கரண்டு அவன் பேரில் இருந்தது. துண்டித்தான். இருபத்து மூன்று நாள் அவள் சிம்னி விளக்கில் இருந்தாள். பிறகு அவள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஜேசிபி வைத்து வாய்க்கால் வெட்டினான். பிறகு ஒருநாள் கன்று வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் கடித்துப் போட்ட வாழைப்பழத் தோல். அவள் கன்றுக்கு வாழைப்பழம் போடுகிறவள் அல்ல.

அன்று சாயங்காலம் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மாட்டுக்கும் அப்படி வரும் முன் போட்டுவிடலாம் என்றுதான்.

இருந்தும் இந்த ஆளிடமே வருவான் என்று அவள் நினைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே கேட்டாள். சேட்டு சிரித்தான். வேறு வக்கீலிடம் போனால், ஏம்மா சம்மதம்தானா, ஏன் கல்லு நிலத்தை மட்டும் வாங்கிக்கிறே என்று ஆயிரம் கேள்வி வரும். கோட்டு கேட்க மாட்டான். அவனைக் கவிழ்த்தவனே நான், இன்னிக்கு நான் போடுகிற பஜ்ஜிக்கு வாலாட்டுகிறான் என்றான். அதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தச் சந்துக்குப் போய் நின்றால்தான் அவனுக்குச் சோறு இறங்கும் போலிருந்தது.

"கோட்டு, இது யாருன்னு தெரியுதா?" என்றான் இப்போது.

"ஆங்?"

"உன் கோட்டைக் கயட்டனவங்க. நல்லாப் பாரு. கும்புடு போடு."

ஏகாம்பரம் எழுந்து நின்று கும்பிட்டார். சந்தில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். சேட்டு டிபன் கடையிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்து அவர் மடியில் எறிந்தான். அது தவறி மண்ணில் விழுந்தது. அவர் எடுத்து, ஊதி, தின்றார். உண்ணாமலை வேறு பக்கம் பார்த்தாள்.

பத்திரம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஏகாம்பரம் கையால் எழுதிக் கொடுத்ததை ஜெராக்ஸ் கடை பிரபா கம்ப்யூட்டரில் அடித்திருந்தாள். லைசென்ஸ் உள்ள எழுத்தர் ஒருவர் கடைசிப் பக்கத்தில் முத்திரை குத்தியிருந்தார். சேட்டு பட்டாவைப் பிரித்து வைத்துக்கொண்டு சர்வே எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தான். நூற்றுப்பதினாலு பை ரெண்டு, சரி. எண்பத்தேழு பை ஒன்று, சரி. சென்ட் அளவு சரி. பெயர்கள் சரி. மூன்று தடவை பார்த்தான். இந்த விஷயத்தில் அவன் முட்டாள் அல்ல.

"அவங்களுக்கும் படிச்சிக் காட்டு. அப்பறம் எனக்குப் படிச்சே காட்டலன்னு கோர்ட்டுக்குப் போவாங்க. அவங்களுக்கு அது பயக்கம்."

ஏகாம்பரம் படித்தார். எச்சில் தெறிக்க, மூக்கால், வார்த்தைக்கு வார்த்தை தடுக்கி. சேட்டு டீக்குப் போய்விட்டான். ஏ அட்டவணை, சேட்டுக்கு. பி அட்டவணை, உண்ணாமலைக்கு. சர்வே எண் எண்பத்தேழு பை ஒன்று, அதாவது பாறையடி மேடு. அதற்கு நான்கெல்லை, நாலு பக்கமும் யார் யார் நிலம் என்பது.

பத்திரத்தில் நான்கெல்லையை யாரும் படிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே வழக்கம். மூலப் பத்திரத்தில் அறுபது வருஷத்துக்கு முன் எழுதிய எல்லையை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே திருப்பி எழுத வேண்டும். மாற்றினால் ஆகாது என்று ஒரு பயம். அதனால் எல்லைகளில் இருப்பதெல்லாம் செத்துப்போனவர்கள் பெயர். எங்கோ இருந்து மறைந்த வரப்பு, தூர்ந்த கிணறு. அது யார், எது என்று இருக்கிறவர்களுக்குத் தெரியாது. சர்வே எண் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள்.

உண்ணாமலைக்குத் தெரியும். அப்பாவுக்கு எழுத்து வராது. ஒவ்வொரு தடவை கடனுக்குப் போகும்போதும் பத்திரத்தை அவளிடம்தான் கொடுத்து, படிம்மா, எல்லாம் அப்படியே கீதான்னு பாரு என்பார். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பாட்டுப் போல மனப்பாடம்.

"பொன்னுரங்கம் கிணற்று நிலத்துக்குத் தெற்கு," என்று ஏகாம்பரம் இழுத்தார். "அப்பாதுரை புஞ்சைக்கு வடக்கு. வண்டிப்பாட்டைக்கு மேற்கு. ஏரிக்கால்வாய்க்குக் கிழக்கு. இதன் மத்தியில் உள்ள புஞ்சையும், அதிலடங்கிய சகலமும்."

அது பாறையடி மேடு அல்ல. பாறையடியில் ஏது வண்டிப்பாட்டை? அந்த வண்டிப்பாட்டைதான் இன்றைக்குத் தார் ரோடு. அது அவள் வீடு நிற்கிற நிலம்.

அவள் நிமிர்ந்தாள். ஏகாம்பரம் காகிதத்துக்கு மேலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் பேண்டு கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் தெளிவாக இருந்தன. காகிதம் பிடித்திருந்த கை அசையவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு கை நடுங்கத் தொடங்கியது. அவர் அடுத்த வரியைப் படித்தார். சர்வே எண்ணுக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு காணின் நான்கெல்லையே செல்லத்தக்கது.

சேட்டு டீயோடு திரும்பினான். "இன்னாக்கா, புரிஞ்சிதா?"

"எனக்கு இன்னா புரியும்? நீ சொன்னா சரி."

எதிரே அலுவலகத்தில் பதிவாளர், படித்துப் பார்த்தீர்களா, சம்மதம்தானா என்று கேட்டார். சம்மதம் என்றாள். விரலை மெஷினில் வைத்தாள். போட்டோவுக்கு நின்றாள். முகத்தை மழுங்க வைத்துக்கொள்வது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. பல வருஷம் பழகியதுதான்.

திரும்பும் பஸ்ஸில் ஒன்றைத்தான் யோசித்தாள். இந்த ஆள் ஏன் செய்தான்? இரக்கம் என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அவன் குடும்பம் போனது அவள் கண்ணால். ஊதா மையை முதலில் பார்த்தவள் அவள்தான். கை நடுங்கித் தவறிவிட்டதா? அந்தக் கை நடுங்கியது எப்போது, நின்றது எப்போது என்று அவள் பார்த்துவிட்டாள். விடை கிடைக்கவில்லை. கிடைக்கும்போது கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழிந்தது. மனைப்பிரிவுக்காரரின் வக்கீல் நான்கெல்லையைப் படிக்கிற ஆள். சம்பளமே அதற்குத்தான். பத்திரப்படி இந்த நிலம் உன் அக்காவுடையது, உனக்கு வந்திருப்பது பாறை என்று சேட்டுவிடம் சொன்னார். பிழைத்திருத்தல் பத்திரம் போட்டால்தான் மேற்கொண்டு பேச்சு. அதற்கு இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

சேட்டு முதல் தடவை வரும்போது ஒரு கிலோ ஜாங்கிரியும் புடவையும் கொண்டுவந்தான். கரண்டு திரும்பியது. வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு பலகை போடப்பட்டது. சின்ன எழுத்துத் தப்பு, அந்தக் கோட்டு மாற்றி எழுதித் தொலைத்துவிட்டான், ஒரு கையெழுத்து போதும் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டாம் தடவை பெண்டாட்டி மோகனாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் அழுதாள். உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள் உண்ணாமலை. மூன்றாம் தடவை தனியாக வந்தான். கதவை உதைத்தான். பலகையைப் பிடுங்கி எறிந்தான்.

"உனுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் வாய மூடிக்கினு கையெய்த்துப் போட்ட."

"நீ மூணு வாட்டி படிச்ச. நான் ஒரு வாட்டிதான் கேட்டேன்."

அடிக்கக் கை ஓங்கினான். அடிக்கவில்லை. அவள் கை அவனுக்கு வேண்டியிருந்தது.

அப்புறம் திவ்யா வந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்ததே உண்ணாமலைதான். எதுவும் கேட்கவில்லை அந்தப் பெண். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். சாணி அள்ளினாள். போகும்போது மட்டும், மாப்பிள்ளை வீட்டில் பதினைந்து நாள் கெடு வைத்திருக்கிறார்கள் அத்தை என்று சொன்னாள். உண்ணாமலை சரி என்றாள். திவ்யா அந்தச் சரிக்கு அர்த்தம் தேடி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு போய்விட்டாள். அன்று உண்ணாமலை சோறு வைக்கவில்லை. ஆனால் மனசு மாறவும் இல்லை. கையெழுத்துப் போட்டால் மறுநாள் ஜேசிபி வரும். அது அவளுக்குச் சூரியன் உதிக்கிற மாதிரி நிச்சயமாகத் தெரிந்தது.

கெடுவில் எட்டு நாள் மிச்சம் இருந்தபோது, மத்தியான வெயிலில், ஏகாம்பரம் வந்தார்.

அதே சட்டை. அதே மாற்றிப் போட்ட பட்டன். கையில் அரிசிக்கடைத் துணிப்பை. வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டினார். உண்ணாமலை வாசலில் உட்கார்ந்து தீவனம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவரே ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துடு. பிழைத்திருத்தல் பத்திரம் ரெடி. ஒரே கையெழுத்து" என்றார்.

"ஆங்?" என்றாள் உண்ணாமலை.

அவர் சிரித்தார். நல்ல பற்கள் அவருக்கு. இத்தனை நாள் அவை வெளியே தெரியவில்லை. மூக்கால் பேசவில்லை, தடுக்கவில்லை. குரல் கணீரென்று இருந்தது.

"நல்லா நடிக்கிற. அன்னிக்கே பார்த்தேன். வேற பொம்பளையா இருந்தா அங்கேயே கத்தியிருப்பா."

எல்லையை மாற்றியது வேண்டுமென்றேதானா என்று கேட்டாள். ஆமாம் என்றார். எனக்காகவா என்றாள். அவர் அதற்குப் பதில் சொல்லக்கூட அவசியம் இல்லாதவர் போலத் துணிப்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டார். பிறகு விளக்கினார். சேட்டுக்கு அவசரம் என்று தெரியும். கல்யாணம் என்று தெரியும். சிக்கினால் தன்னிடம்தான் ஓடி வருவான் என்று தெரியும். வந்தான். திருத்துகிறேன், உன் அக்காவையும் நானே சம்மதிக்க வைக்கிறேன், அதற்கு நீ எனக்கு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டான்.

"நான் போட மாட்டேன்."

"போடலன்னா அவன் கோர்ட்டுக்குப் போவான். நான் சாட்சிக்கு வருவேன். எனக்குக் கை நடுங்கும், கண் தெரியாது, மாத்தி எழுதிட்டேங்கய்யான்னு சொல்லுவேன். உத்திரமேரூர்ல யாரை வேணா கூப்பிட்டுக் கேக்கட்டும், எனக்குக் கை நடுங்குமா இல்லையான்னு. டீக்கடைக்காரன் சொல்லுவான். பிரபா சொல்லுவா. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சொல்லுவார். பதினாலு வருஷமா ஊரையே சாட்சியாத் தயார் பண்ணி வெச்சிருக்கேன்." அவர் நிறுத்தி, தான் சொன்னதைத் தானே ஒரு தடவை கேட்பது போலத் தலையை ஆட்டினார். "ரெண்டு வருஷம் இழுக்கும். கடைசியில அவன் ஜெயிப்பான். அதுக்குள்ள உன் மாடு இருக்காது. போட்டுடு. மேட்டு நிலத்துல ஒரு ஷீட்டு வீடு போட்டுத் தரச் சொல்றேன்."

"தண்ணி?"

"இன்னா தண்ணி?"

"பாறையில மாட்டுக்குத் தண்ணி ஏது?"

அது என் வேலை இல்லை என்றார்.

உண்ணாமலை அரிவாளைக் கீழே வைத்தாள். அவன் அப்படி என்ன எழுதிக் கொடுத்தான் என்று கேட்டாள். தாழ்ந்த குரலில், மண்டைக்கு எட்டாதவள் கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஏகாம்பரம் கொஞ்சம் தயங்கினார். ஆனால் பதினாலு வருஷம் யாரிடமும் சொல்லாத சாமர்த்தியம் அவருக்குள் அடைத்துக் கிடந்தது. கோட்டு, பஜ்ஜி, ஆங் என்று அதன்மேல் மண் போட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார். எதிரே இருந்ததோ தீவனம் நறுக்குகிற ஒரு பொம்பளை. துணிப்பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட முத்திரைத்தாளை எடுத்தார். சேட்டு, தகப்பனார் விரலைத் தானே எடுத்து உயிலில் பதித்ததாகவும், அது வக்கீல் ஏகாம்பரத்துக்குத் தெரியாது என்றும், பயத்தால் கோர்ட்டில் பொய் சொன்னதாகவும் சத்தியம் செய்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தான். இதை வைத்து பார் கவுன்சிலில் திரும்ப மனுப் போடுவேன், பெயர் ஏறிவிடும், அடுத்த தைக்குள் காஞ்சிபுரம் கோர்ட்டில் நிற்பேன் என்றார்.

"நெஜமா யாரு வெச்சது?"

"ரெண்டு பேரும்தான். விரல் விறைச்சிப் போயிருந்தது. உன் தம்பி வெந்நீர் கொண்டுவந்து ஊத்தினான். அவன் மணிக்கட்டைப் புடிச்சான், நான் விரலை வெச்சேன். ரெண்டாவது தடவைதான் ரேகை சரியா வந்தது."

மாடு ஒன்று கழுத்தை ஆட்டியது. உண்ணாமலை சிதறிக் கிடந்த தீவனத்தைக் கையால் ஒதுக்கினாள். அப்பா செத்த அன்று வெந்நீர் வைத்தது அவள்தான். சேட்டு கேட்டான், வைத்தாள். முகம் துடைக்க என்று நினைத்தாள்.

"இப்பிடி எய்திக் குடுத்தா தம்பிக்கு ஒண்ணும் ஆவாதா?"

"அவன்கிட்ட ஆகாதுன்னுதான் சொன்னேன். பதினாலு வருஷம் ஆயிடுச்சு, கேஸ் நிக்காதுன்னு சொன்னேன்." குரல் இன்னும் ஏறியது. அவர் இப்போது செங்கல்லில் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கோ ஒரு மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "நிக்கும். உயிலைப் போலியாகப் புனைவது சாதாரணக் குற்றம் கிடையாது. அதுக்குக் கால வரம்பே கிடையாது. பத்து வருஷம் கடுங்காவல். ஆயுள் தண்டனை வரைக்கும் கொடுக்கலாம். அவனே கைப்பட ஒப்புக்கிட்டிருக்கான், இதைவிட வேற என்ன சாட்சி வேணும்? எனக்குக் கோட்டு, அவனுக்குக் கம்பி. ரெண்டும் ஒரே பேப்பர்ல."

"அப்ப அது போனா உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"ஏன் போவுது?"

"சும்மா கேட்டேன்." புடவையில் கையைத் துடைத்தாள். "அவன் கையெய்த்துதானான்னு பாக்கணும். என்னை ஏமாத்தறீங்களோ இன்னாவோ."

"படிப்பியா?"

"எய்த்துக் கூட்டுவேன்."

கொடுத்தார். அவள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள், தூரப் பிடித்தாள். உதட்டை அசைத்தாள். கண்ணாடி உள்ளே இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனாள். ஏகாம்பரம் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை லிட்டர் கறக்கும் என்று உள்ளே நோக்கிக் கேட்டார். அவள் பதில் சொன்னாள். நாலரை. இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. பூட்டு விழுகிற சத்தமும் கேட்டது. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். கோட்டு கவனித்திருப்பார். அன்று வந்திருந்தது கோட்டு அல்ல, வக்கீல்.

வெறுங்கையோடு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து அரிவாளை எடுத்தாள்.

"அவன் கையெய்த்துதான்" என்றாள்.

"கொண்டா."

"உள்ள கீது."

"கொண்டான்னு சொல்றேன்."

"கத்து. ரோட்டுல போறவங்க வருவாங்க. இன்னா பேப்பர்னு கேப்பாங்க. சொல்லு."

அவர் எழுந்தார். வாசலை நோக்கி ஒரு அடி வைத்தார். அவள் நகரவில்லை, தீவனக் கட்டைப் பிரித்து நறுக்கத் தொடங்கினாள். அரிவாள் ஒரே சீராக விழுந்தது. அவர் அங்கேயே நின்றார். சேட்டுவிடம் இன்னொன்று எழுதி வாங்கிக்கொள்வேன் என்றார். வாங்கிக்கோ என்றாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

சேட்டு முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்லுக்கா. நாளைக்கு வர்றியா?"

"உன் வக்கீல் இங்கதான் கீறாரு. நீ எய்திக் குடுத்த பேப்பரு எம்பொட்டியில கீது. பத்து வருசமாம். ஆயுளும் குடுப்பாங்களாம். கேஸ் நிக்காதுன்னு உங்கிட்ட சொன்னது பொய்யாம். அவரே சொல்றாரு."

 அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"கோர்ட்டுக்குப் போவாத. இங்க கல்லு நட ஆள் அனுப்பாத. நீ உன் வூட்ல இருந்துக்க. நான் என் வூட்ல இருந்துக்கறேன்."

"அக்கா, திவ்யா கல்யாணம்..."

"நஞ்சைய வித்துக்க."

கட் பண்ணினாள்.

நஞ்சையை விற்றாலும் எட்டு நாளில் பணம் வராது. அவளுக்குத் தெரியும். பத்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். திவ்யா அதன் பிறகு அத்தை வீட்டுப் பக்கம் வரவில்லை. பஸ்ஸில் பார்த்தாலும் இறங்கிப் போய்விடுகிறாள். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்திருந்தார். செங்கல்மேல் அல்ல, மண்ணில்.

கெஞ்சினார். அந்தப் பேப்பரால் உனக்கு என்ன லாபம், அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய், எனக்கு அது பதினாலு வருஷம், என் பிள்ளைகளுக்கு நான் இருக்கிறேனா செத்தேனா என்று தெரியாது என்றார். மண் தின்றேன் என்றார். பிச்சைக்காரனை விடக் கேடாகக் கிடந்தேன், எல்லாம் இதற்காகத்தான் என்றார். உன் வீட்டை நான்தானே காப்பாற்றிக் கொடுத்தேன், அந்த எல்லையை எழுதியது யார் என்றார்.

"நல்லா எய்தினீங்க" என்றாள். "அதுல ஒரு கொறையும் இல்ல."

வெயில் சாய்ந்தது. ரோட்டில் ஸ்கூல் வேன் போனது. தெரிந்தவர் ஒருவர் பைக்கை நிறுத்தி, இன்னா கோட்டு, இங்கே இன்னா பண்ணுற என்று கேட்டார். ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். வாய் கொஞ்சம் கோணி, பின்பு "ஆங்?" என்றது. பைக்கில் வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகு அவர் தண்ணீர் கேட்டார்.

உண்ணாமலை பால் கறக்கிற குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் குடமும் சொம்பும் இருந்தன. அவள் மாட்டுத் தொட்டியைக் காட்டினாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அதற்குள் மாட்டின் பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து தொட்டிக்குப் போனார். தவிடு மிதந்தது. புறங்கையால் அதை ஒதுக்கி, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். இன்னொரு தடவை அள்ளினார்.

உண்ணாமலை முழங்காலுக்கு நடுவே குண்டானை வைத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தாள். ஐந்தரைக்கு மேல் போனால் சொசைட்டியில் வாங்க மாட்டார்கள்.